இரண்டு காற்புள்ளி விழுந்த வரிகள்

பள்ளி நூலகத்துக் கம்ப்யூட்டரை முடுக்கிவிட்டு, நூலகர் இரண்டு அலமாரிகளைத் தூசி தட்டி முடிப்பாள். அதற்குப் பிறகுதான் அது கண் விழிக்கும். ஒரு விடுமுறை நாளில் அவள் தம்பி வந்து அதில் லினக்ஸ் என்ற இலகுவான இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தான். கூடவே கணவரும் வந்திருந்தார். தம்பி புரோகிராமர், கணவருக்கு கம்ப்யூட்டர் சர்வர்களைக் கட்டிக் காக்கிற வேலை. மச்சான்கள் இருவரும் அவ்வளவு ஒட்டுதல். கம்ப்யூட்டரில் எழுதித் திருத்த எந்த எடிட்டர் நல்லது என்ற பேச்சை எடுத்தால் மட்டும் எலியும் பூனையும்தான்: தம்பிக்கு விம், கணவருக்கு ஈமாக்ஸ்.

அவளுக்கு ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது. புத்தகப் பட்டியலில் மூவாயிரத்துச் சொச்சம் வரிகள். ஒவ்வொன்றிலும் முதலில் தலைப்பு, ஒரு காற்புள்ளி, பிறகு ஆசிரியர் பெயர். ஆசிரியர் பெயர்தான் முன்னால் வரவேண்டும் என்று புதுத் தலைமையாசிரியை சொல்லிவிட்டார். கையால் மாற்ற உட்கார்ந்தால் விடுமுறையே போதாது.

"இதெல்லாம் ஒரு விஷயமாக்கா? விம்ல ரெண்டு நிமிஷம்" என்றான் தம்பி. ஈமாக்ஸில் ஒன்றரை நிமிடம் என்றார் கணவர். சண்டை பிடித்துக்கொண்டது. வாய் வலிக்கும்வரை வாதாடிவிட்டு இருவரும் டீ குடிக்கக் கிளம்பினார்கள். வாதமும் கூடவே போனது.

அவள் கறுப்புத் திரை முன் உட்கார்ந்தாள். 'மேன்' என்று அடித்து ஒரு கட்டளையின் பெயரைச் சேர்த்தால் அதன் கையேடு அங்கேயே விரியும் என்று தம்பி போகிறபோக்கில் சொல்லியிருந்தான். தன் கையேட்டைத் தானே மடியில் வைத்திருக்கும் இயந்திரம்! அவளுக்கு அதன்மேல் பிரியமே வந்துவிட்டது. அவர்கள் வாதத்தில் காதில் விழுந்த, வரிகளைத் திருத்தும் 'செட்' என்ற கட்டளையின் கையேட்டைப் படித்தாள். அது கைகாட்டிய இன்னொன்றையும் படித்தாள். பாதி புரியவில்லை. திரும்பப் படித்தாள்.

பட்டியலுக்கு ஒரு நகல் எடுத்துவைத்துக்கொண்டு முயன்றாள். மூவாயிரம் வரிகளும் '2, 1' என்றே வந்து நின்றன. தனியாக உட்கார்ந்து சிரித்தாள். கட்டளையில் அந்த எண்களுக்கு முன்னால் விட்டுப்போன சாய்கோடுகளைப் போட்டதும் பெயர்கள் சமர்த்தாக இடம் மாறின. ஆனால் இரண்டு பேர் சேர்ந்து எழுதிய புத்தகங்களும், தலைப்பிலேயே காற்புள்ளி உள்ளவையும் நினைவுக்கு வந்தன. அவற்றில் காற்புள்ளி இரண்டு, மாற்றினால் குளறுபடியாகும். அந்த வரிகளைத் தனியே பிரித்தாள். அறுபத்தொன்று.

திரும்பி வந்தவர்கள் திரையை நோக்கிக் குனிந்தார்கள்.

"யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார் கணவர்.

"மேனுவல்ல இருக்கு. நீங்க ரெண்டு பேரும் படிச்சதில்லையா?"

தம்பி கூரையைப் பார்த்தான். தேவைப்பட்டால் இணையத்தில் தேடிக்கொள்வதுதான் வழக்கம் என்று கணவர் மெதுவாக ஒப்புக்கொண்டார்.

மிச்சமிருந்த வரிகளை இருவருக்கும் பங்கு போட்டாள். அவரவர் லேப்டாப்பில் அவரவர் எடிட்டர். எந்தப் பெயர் ஆசிரியர், எது தலைப்பின் பாதி என்று அவள் புத்தகத்தைப் பார்க்காமலே சொல்லச் சொல்ல, இருவரும் பள்ளிப் பிள்ளைகள்போலத் தட்டினார்கள். அத்தனை புத்தகமும் அவளுக்கு மனப்பாடம் என்பது பதினான்கு வருடம் குடித்தனம் நடத்திய மனிதருக்கு அன்றுதான் தெரிந்தது.

ஒரு வரியில் அவர் கை நின்றது. திமிங்கிலங்களைப் பற்றி ஒரு அண்ணனும் தங்கையும் எழுதியது.

"இது நல்லா இருக்குமா?"

அவள் எழுந்து போய் மூன்றாவது அலமாரியிலிருந்து எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள்.

"பத்து நாள்ல திருப்பித் தரணும்" என்றாள்.

அவர் பங்கில் மீதியிருந்த வரிகளைத் தம்பிதான் முடித்தான், விம்மில்.