ஆட்சேபணை இல்லை

தாடையைச் சுற்றிக் கட்டுவதற்காக நீலாஞ்சனா பழைய வேட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தபோது நைனா அவள் கையைப் பிடித்தார்.

"கட்டாத. அஞ்சு மணி ஆவட்டும்."

"செத்தது ஒண்ணு பத்துக்கு. வாய் தொறந்தபடியே வெறச்சிப் போயிடும், நைனா."

"தெரியுது. துணிய வை."

கட்டிலில் அண்ணன் குணபாலன் கிடந்தான். மஞ்சள் காமாலை முற்றி ஒரு வாரத்துக்கு மேலாக நினைவில்லாமல் கிடந்தவன். செஞ்சியில் மணிலாக்கொட்டை மண்டி வைத்திருந்த அந்தக் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் அவன். அடுத்தது இவள். குணபாலன் பல்கலைக்கழகத்தில் சரித்திர விரிவுரையாளர். ஆட்சிக்குழுவுக்கு ஆசிரியர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஒரே ஆள்.

தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் துணைப் பதிவாளர் ராஜாங்கம். நோயாளியைப் பார்க்கவென்று இரண்டு மணிக்குக் காரில் வந்தவர். பார்த்தார். தெருக்கதவைச் சாத்தச் சொன்னார். நைனாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

விஷயம் இதுதான். விசாரணை இல்லாமலே ஆசிரியரை வேலையை விட்டு நீக்கலாம் என்று ஒரு புதிய விதி. போன வருஷம் இந்தி எதிர்ப்பில் மாணவர்களோடு நின்ற மூன்று பேருக்காகவே எழுதியது. கூட்டம் போட்டால் குணபாலன் எழுந்து நிற்பான் என்று சுற்றுக்கடிதமாகத் தபாலில் அனுப்பினார்கள். ஏழாம் நாள் மாலை ஐந்துக்குள் எழுத்தில் மறுக்காத உறுப்பினர் சம்மதித்தவர். பதினோரு சம்மதம் வேண்டும். பத்து இருந்தது. பதினொன்றாவது, கட்டிலில் கிடப்பவனின் மௌனம். ஐந்துக்கு முன்னால் செத்திருந்தால் அவன் உறுப்பினரே இல்லை. கடிதம் வந்தபோதே அவனுக்கு நினைவு தப்பியிருந்தது.

இன்று ஏழாம் நாள்.

"உனுக்குத்தாம்மா," என்றார் நைனா, அவள் முகத்தைப் பார்க்காமல். "டியூட்டர் வேல போட்டுக் குடுக்கிறாராம். எம்.ஏ. முடிச்சிட்டு ரெண்டு வருஷமா ஊட்ல குந்திகினு இருக்கிற."

"பொழுது உழறதுக்குள்ள எரிக்கணுமே. நம்ம ஜைன தர்மம் அதுதான?"

"அஞ்சுக்கு எடுத்தா ஆறுக்குள்ள ஆயிடும். அதையும் கேட்டுட்டேன்."

அம்மா மருதேவி சமையலறையில் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுதால் தெருவுக்குக் கேட்கும்.

ராஜாங்கம் பைலைப் பிரித்தார். குனிந்து, பிணத்தின் காதருகே, ஆபீஸ் குரலில் விதி முழுவதையும் படித்தார்.

"உறுப்பினர் அவர்களுக்கு ஆட்சேபணை உண்டா?"

நிறுத்தினார். உண்மையாகவே காத்திருந்தார். உதட்டில் உட்கார்ந்த ஈயைக் கையால் விரட்டிவிட்டு மறுபடியும் காத்திருந்தார்.

"இன்னா சார் பண்றீங்க?" என்றாள் நீலாஞ்சனா.

"முப்பது வருஷ சர்வீஸ்ல நான் ஒரு பொய் எழுதினதில்லம்மா. நேர்ல கேட்டேன், மறுக்கலன்னு எழுதப் போறேன். அது நிஜந்தானே?"

"செத்தவன் எப்படி மறுப்பான்?"

"செத்துட்டார்னு டாக்டர் யாரும் சொல்லலியே. நீங்கதான் சொல்றீங்க."

எழுத ஆரம்பித்தார். பேனா கீறுகிற சத்தம் மட்டும் கேட்டது. கட்டாமல் விட்டிருந்த தாடை மெல்ல இன்னும் ஒரு விரல்கடை இறங்கியது, பேச வாயெடுப்பதுபோல. பேனா நின்றது.

"சொல்லுங்க சார்," என்றார் ராஜாங்கம்.

நைனா சுவரோடு ஒட்டிக்கொண்டார். ராஜாங்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்தார். வெகுநேரம் அப்படியே இருந்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி எழுதினார்.

நீலாஞ்சனா பின்கதவைத் திறந்தாள். தாழ்ப்பாள் கிரீச்சிட்டது. நைனா திரும்பிப் பார்த்தார். மறுபடி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தபாலாபீஸில் தந்தி குமாஸ்தா துரைக்கண்ணு படிவத்தை வாய்விட்டுப் படித்தார்.

"'குணபாலன் இன்று பிற்பகல் ஒன்று பத்துக்கு மரணம். துணைப் பதிவாளர் ராஜாங்கம் உடலை நேரில் பார்த்தார்.' அய்யய்யோ, நம்ம குணபாலனா? அழுக சத்தமே கேக்கலியேம்மா."

"அழக்கூடாதுன்னு சொல்லியிருக்குது."

அவர் அவளைப் பார்த்தார். "யார் யாருக்கு?"

"துணைவேந்தருக்கு ஒண்ணு. இந்த மூணு வாத்தியாருங்களுக்கும் தனித்தனியா. நேரத்தப் போட்டு முத்திர குத்துங்க."

"மூணு அம்பது." குத்தினார். "அனுப்புறது யாரு?"

சொன்னாள். பேரைச் சொன்னதும் அந்த வேலை போயிற்று என்று தெரிந்தது. துரைக்கண்ணு தந்திக் கட்டையைத் தட்ட ஆரம்பிக்கும்போதே வெளியே வந்துவிட்டாள்.

கடைத்தெரு வெயிலில் கிடந்தது. அவள் வேறு யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் கடை மளிகைக்கடை. கடைக்காரர் அவளைப் பார்த்தார். அவளைத் தாண்டி அவளுக்குப் பின்னால் பார்த்தார். எழுந்து தோள்துண்டை எடுத்துவிட்டுப் பலகையை வைத்தார். அடுத்து ஜவுளிக்கடை. அதற்கடுத்து தையற்காரர். அவள் வர வர ஒவ்வொருவராக எழுந்து கடையைப் பாதி சாத்தினார்கள். பாடை போகும்போதுதான் அப்படிச் சாத்துவார்கள்.

நீலாஞ்சனா திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் பாடை தூக்கி வருபவர்களுக்குத் தோதாக, நடையைக் கொஞ்சம் நிதானப்படுத்திக்கொண்டாள்.