சாக மறுத்த செல்கள்

ஆவூர் பங்கிராஸ் இருபத்தாறு வருஷமாகப் பள்ளி வேன் ஓட்டியவர். கழுத்தின் இரண்டு பக்கமும் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டிகள் வந்தபோது, சூட்டுக்கட்டி என்று விட்டுவிட்டார். ஸ்டியரிங்கைத் திருப்பவே கை சோர்ந்த பிறகுதான் மனைவி ஞானசெல்வி அவரைத் திருச்சிக்கு இழுத்துப் போனார். ரத்தப் புற்றுநோய். முதலில் கொடுத்த மருந்து இரண்டு வருஷம் கேட்டது. பிறகு கட்டிகள் திரும்ப வந்தன.

"இனி என்னங்க மிச்சம் இருக்கு?" என்றார் பங்கிராஸ்.

டாக்டர் அன்புமொழி நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "பழுதான செல் தானா செத்துப்போகணும். அதுக்கு ஒடம்புக்குள்ளயே ஏற்பாடு இருக்கு. ஒங்க நோய் செல்கள்ல ஒரு புரதம் கூடிப்போயி, அந்த ஏற்பாட்டை அமுக்கிப் பிடிச்சிருக்கு. சாகாம குமியுது. இந்த மாத்திரை அந்தப் புரதத்தைப் பிடிச்சு வச்சுக்கும். அப்புறம் செல் தன்னால சாகும்."

"ஆபத்து உண்டுங்களா?" என்றார் ஞானசெல்வி.

"நோய் செல்லெல்லாம் ஒரேயடியா செத்துச்சுன்னா கிட்னி தாங்காது. சின்ன அளவுல ஆரம்பிச்சு வாராவாரம் கூட்டுவோம். தண்ணி நெறையக் குடிக்கணும்."

மாத்திரை தொடங்கிய அன்று வார்டில் ஞானசெல்வி அரைமணிக்கொரு தரம் டம்ளரை நீட்டினார். "என் வேனுக்குக்கூட இவ்வளவு தண்ணி ஊத்துனதில்ல, செல்வி" என்று அலுத்துக்கொண்டே குடித்தார் பங்கிராஸ்.

மறுநாள் காலை ரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலமும் பொட்டாசியமும் எகிறியிருந்தன. நர்ஸ் ஓடினார். இன்னொரு டிரிப் ஏறியது. ஞானசெல்வியின் விரல்கள் ஜெபமாலையை விடவில்லை. மதியம் வந்த ரிப்போர்ட்டில் இரண்டும் இறங்கியிருந்தன. அன்புமொழியின் முகம் மலர்ந்தது.

"செல்லு உடைஞ்சு, உள்ள இருந்ததெல்லாம் ரத்தத்துல கொட்டிருக்கு. அதான் ஏறுச்சு. மருந்து கேட்டுருச்சுங்க!"

ஐந்தாம் நாள் பங்கிராஸ் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் கத்தினார்: "செல்வி, இங்கிட்டு இருந்ததைக் காணோம்! அங்கிட்டும் காணோம்!" வார்டே சிரித்தது.

ஒரு வருஷம் கழித்து எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார்கள். லட்சத்தில் ஒரு நோய் செல் இருந்தாலும் காட்டிக்கொடுக்கும் பரிசோதனை.

"ஒன்னுகூட இல்லைங்க" என்றார் அன்புமொழி.

பங்கிராஸ் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். லைசென்ஸ் புதுப்பிக்க டாக்டர் தர வேண்டிய சான்றிதழ். அன்புமொழி கண்ணையும் கையையும் சோதித்துவிட்டு, பெரிதாகக் கையெழுத்துப் போட்டார்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று, முன் சீட்டில் ஞானசெல்வி இருக்க, கோயில் முக்கில் வேன் விடாமல் அலறியது.

"எதுக்குங்க இவ்வளவு ஹாரன்?"

"நான் வந்துட்டேன்னு ஊருக்குத் தெரிய வேணாமா?" என்று இன்னொரு தடவை அழுத்தினார் பங்கிராஸ்.