கும்ரானின் நீலம்

வலது கண்ணில் புரை எடுத்துக் கட்டுப் பிரித்த மறுநாள் கும்ரான் பட்டறைக்கு வந்து கண்ணாடிப் பெட்டியைத் திறந்தாள். கோட்டைச் சுவரின் பனியில் மூன்று சிப்பாய்கள் ஒண்டி நின்றார்கள். மூன்று பேரும் செத்திருந்தார்கள்.

பெட்டியை வடக்கு ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். கன்னம், காது மடல், உதட்டோரம், எல்லாம் நீலம் பாரித்திருந்தது. வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, இன்னும் புரை எடுக்காத இடது கண்ணால் பார்த்தாள். இரத்தம் திரும்ப வந்தது. குளிரில் விறைத்தாலும் கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்ததும் முகம் மலர்கிற மனிதர்கள். அவள் தீட்டியது அவர்களைத்தான். கையை எடுத்தாள். மறுபடி பிணங்கள். நாலைந்து முறை இப்படிச் செய்துவிட்டுப் பெட்டியை மூடி, அதன்மேல் தன் மேல்கோட்டைப் போட்டாள்.

அவளுக்கு ஐம்பத்து நாலு வயது. காலையில் பள்ளிக்கூடச் சமையல்கட்டில் அறுநூறு பேருக்கு சூப் காய்ச்சுவாள். மத்தியானம் உல்ஜிரோ தெருவில், ஒரு அச்சகத்துக்கு மேலே நாலாவது மாடியில் இருக்கும் இந்த அறைக்கு வந்துவிடுவாள். தோகில் அவளைவிட ஆறு வயது இளையவன். அவன் வனைவான், அவள் வண்ணம் தீட்டுவாள். பதினோரு வருடமாக இப்படித்தான். சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சிப்பாயை, காற்றில் இறுகும் புட்டி மண்ணில் வனைந்து, பல் டாக்டரின் ஊசியால் இமை கீறி முடித்ததும், இடது பாதத்துக்கு அடியில் தோகில் தன் பெயரைக் கீறுவான். எல்லா வேலையும் முடிந்து ஒட்டப்போகும்போது அவள் வலது பாதத்துக்கு அடியில் தன் பெயரைக் கீறுவாள். அதற்குப் பிறகுதான் பொம்மையைத் தளத்தில் ஒட்டுவார்கள்; அதுவரை அது மெழுகுப் பொட்டில் நிற்கும். ஒட்டியபின் அந்தப் பெயர்களை யாரும் பார்க்கப்போவதில்லை.

ஐந்து சிப்பாய்கள் கொண்ட இந்த வேலை மூன்று வருடமாக நடக்கிறது. கிட்டத்தட்ட நானூறு வருடத்துக்கு முன்னால், வடக்கிலிருந்து வந்த மஞ்சு இனத்தாரின் படை நாம்ஹான் மலைக்கோட்டையைச் சூழ்ந்துகொண்ட குளிர்காலம். காவலுக்கு நின்றவர்களுக்குப் போர்த்திக்கொள்ள வைக்கோல் பாய்தான் கிடைத்தது. மே மாதக் கண்காட்சிக்கு இதை வைக்க வேண்டும். இதற்கு அச்சு கிடையாது, நகல் கிடையாது. கெட்டால் கெட்டதுதான்.

முதல் பொம்மையைக் கொடுக்கும்போது தோகில் சொன்னான், "இந்த அஞ்சு பேரும் உயிரோட கீழ இறங்கினவங்கக்கா. பனி விட்டுவெச்ச அஞ்சு பேரு. அத மனசுல வெச்சுக்கிட்டு பூசுங்க."

மனதில் வைத்துக்கொண்டுதான் பூசினாள். முதல் மூவரின் படம் வெளிவந்ததும் இந்தத் தொழிலில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே கேள்வி கேட்டார்கள்: இந்தக் குளிரை எப்படிக் கொண்டுவந்தீர்கள்? பனியைப் பாராட்டுகிறார்கள் என்று அவள் நினைத்தாள். தேசொப் என்ற இளம் ஓவியன் 'கும்ரானின் நீலம்' என்று பெயர் வைத்து, எத்தனை சொட்டுக்கு எத்தனை சொட்டு என்று வீடியோ போட்டிருந்தான். பிழைக்கத் தெரிந்தவன் என்று விட்டுவிட்டாள். பார்க்கக்கூட இல்லை.

இப்போது புரிந்தது. வருடக்கணக்காக அவள் கண்ணின் மஞ்சள் திரை நீலத்தைக் குடித்துக்கொண்டிருந்தது. நிழலில் கொஞ்சம் குளிர்ச்சி தெரிய வேண்டுமென்று அவள் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

யாரிடமும் சொல்லவில்லை. நாலாவது சிப்பாயை எடுத்துப் புதுக் கண்ணால் தீட்டினாள். இரண்டு வாரம் ஆனது. அந்த வார இறுதியில் தோகில் ஐந்தாவது பொம்மையைப் பஞ்சில் சுற்றி, பிஸ்கட் டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தான்.

"என்னக்கா, புதுக் கண்ணுல என் மூஞ்சி தெரியுதா?"

"தெரியுது. இத்தன நாள் மங்கலா இருந்ததே நான் செஞ்ச புண்ணியம்."

"வாய்க்கு மட்டும் புரையே விழல உங்களுக்கு." சிரித்துக்கொண்டே மேசைக்கு வந்தவன் நாலாவது பொம்மையைப் பார்த்து நின்றான். "இவன் யாரு? மத்தியானச் சோறு சாப்பிட்டுட்டு இப்பத்தான் பல்லுக் குத்திட்டு வந்தவன் மாதிரி இருக்கான்?"

"உயிரோட இருக்கான்."

"வெளையாடாதீங்க. மொகத்துல ஒண்ணுமே இல்லையே. மாவு உருண்டை மாதிரி இருக்கு."

உண்மைதான். கன்னத்தில் குழி இல்லை, நெற்றியில் கோடு இல்லை. அவளுடைய நீலம் செதுக்கிக்கொள்ளும் என்று நம்பி, அவன் வருடத்துக்கு வருடம் முகங்களை மழுக்கிக்கொண்டே வந்திருந்தான்.

அவள் சொன்னாள். புரை, நீலம், கண்ணை மூடித் திறந்து பார்த்தது, எல்லாவற்றையும். சூப்பில் உப்புக் கூடிவிட்டதை ஒத்துக்கொள்கிற குரலில் சொன்னாள்.

தோகில் நாற்காலியில் உட்கார்ந்தான். "அப்ப அந்த மூணு பேர நீங்க வேணும்னே சாகடிக்கலையா?" என்றான்.

"நீதானேடா உயிரோட இறங்கினவங்கன்னு சொன்ன?"

"சொன்னேன். மொத ஆள நீங்க பூசிக் குடுத்ததப் பாத்ததும் மாத்திக்கிட்டேன். அக்கா என்னைவிட சரியா யோசிச்சிருக்காங்க, இவங்க யாரும் கீழ இறங்கலன்னு. அதுக்கப்புறம் மத்த நாலு பேரையும் அப்படித்தான் வனைஞ்சேன்." டப்பாவைத் திறந்து ஐந்தாவது பொம்மையை வெளியே எடுத்தான். "கையப் பாருங்க."

பாய்மேல் கிடந்த விரல்கள் எதையும் பிடித்திருக்கவில்லை. அவள் மூன்றாவது பொம்மையின் கையைப் பார்த்தாள். அதுவும் பிடிக்கவில்லை. அந்த விரல் நுனிகளுக்கு ஒரு வாரம் செலவழித்துச் சிவப்பேற்றியது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

கீழே அச்சகத்தில் இயந்திரம் நின்று, மறுபடி ஓடியது.

"அஞ்சு பேரையும் திரும்பப் பூசறேன். நீ முகத்த மட்டும் திரும்ப வனை."

"மே மாசத்துக்குள்ளயா? முடியாதுக்கா. முடிஞ்சாலும் மாட்டேன். இதுதான் நான் செஞ்சதுலயே நல்லது." தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான், "எடது கண்ணு ஆபரேஷன் எப்ப?"

"வர்ற வியாழக்கிழம."

"தள்ளிப்போட முடியுமா?"

அவனை அறைந்திருக்கலாம். அறையவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, சமையல்கட்டில் ஆள் இல்லையென்று பொய் சொல்லித் தேதியைத் தள்ளிப்போட்டாள்.

நாலாவது பொம்மையை ஸ்பிரிட்டில் போட்டு வண்ணத்தைக் கழற்றினாள். வலது கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டிக்கொண்டு, இடது கண்ணால் தீட்டினாள். ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் தெரியவில்லை. தூரிகை முனை முகத்தைத் தொட்டதா என்பது தொட்ட பிறகுதான் தெரிந்தது. ஒன்பது நாள் கழித்துக் கட்டை அவிழ்த்தபோது, மை பாட்டிலுக்குள் விழுந்து எழுந்தவன்போல ஒருவன் நின்றான். மூன்றாவது ஆளைத் தீட்டியபின் இடது கண் இன்னும் மங்கியிருந்தது. மறுபடி ஸ்பிரிட்.

அடுத்த தடவை இரண்டு கண்ணையும் திறந்துவைத்துக்கொண்டு, பழைய மூவரை எதிரே நிறுத்தி, நிறத்துக்கு நிறம் பொருத்தினாள். பொருந்தியது. ஆனால் அவளுக்கு அது பிணவேஷம் கட்டிய கூத்தாடி மாதிரி இருந்தது.

"அந்த மூணு பேரையும் பொழைப்பாங்கன்னு நம்பிப் பூசினேன்," என்றாள். "அந்த நம்பிக்க உள்ள இருக்குடா. இவனுக்குள்ள அது இல்ல."

தோகில் லென்ஸை வைத்து முகத்தைப் பார்த்தான். அவன் பார்த்தது வண்ணத்தை அல்ல. இரண்டு முறை ஸ்பிரிட்டில் ஊறிய புட்டி மிருதுவாகி, இமையின் விளிம்பு மழுங்கத் தொடங்கியிருந்தது.

"உள்ள ஒண்ணும் இல்லக்கா. நீலம்தான் இருக்கு."

"உனக்கு அப்படித் தெரியுது."

"இன்னொரு தடவ கழுவினா இவனுக்குக் கண்ணே இருக்காது. இதுவும் நல்லா இல்லன்னு நீங்களே சொல்றீங்க." நாலாவதையும் ஐந்தாவதையும் பஞ்சில் சுற்றினான். "தேசொப்கிட்ட குடுக்கறேன். கழுவாம, இதுமேலயே பூசிடுவான்."

"அந்த சொட்டு எண்றவன்கிட்டயா?"

"ஆமா."

அவள் தடுக்கவில்லை. தடுத்து என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் இடது கண்ணுக்கும் ஆபரேஷன் செய்துகொண்டாள்.

மே மாதம், கண்காட்சிக்கு முந்தின நாள் மத்தியானம், தோகில் ஐந்து பேரையும் மேசைமேல் நிறுத்திவைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டான். பசையும் ஊசியும் தயாராக இருந்தன. கிம்பாப் சோற்றுச் சுருள் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது.

"ஒட்டப்போறேன். அதுக்கு முன்னாடி பேரு கீறிடுங்க."

அவள் குனிந்து பார்த்தாள். இப்போது இரண்டு கண்களும் தெளிவு. ஐந்து பேர், ஐந்து நீல முகங்கள். கஞ்சிக் கிண்ணம் வைத்திருந்தவன் தன்னுடையவன் என்று கிண்ணத்தை வைத்துத் தெரிந்தது. பாயை வைத்துத் தெரிந்தது. முகத்தை வைத்துத் தெரிகிறதா என்று பார்ப்பதற்காகத் தோகிலிடம் ஒரு காகிதம் வாங்கி, நடுவில் சின்னதாக ஓட்டை போட்டு, முகம் மட்டும் தெரியும்படி ஒவ்வொருவர்மேலும் பிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு தோகிலை இடம் மாற்றிவைக்கச் சொன்னாள். மறுபடி பிடித்தாள்.

"இது என்னோடது," என்றாள்.

தோகில் பொம்மையைத் தூக்கி, வலது பாதத்தைக் காட்டினான். தேசொப் என்று கீறியிருந்தது.

"இது?" இன்னொன்றைத் தொட்டாள்.

அதுவும் தேசொப்.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் ஐந்தையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தாள். இரண்டு வலது பாதங்களில் தேசொப்பின் பெயர் இருந்தது. மூன்று வலது பாதங்கள் வெறுமையாக இருந்தன. வெறுமையாக இருந்தவை அவளுடையவை.

"அவனுக்கு எத்தன நாள் ஆச்சு?"

"நாலு நாள். ரெண்டு பேருக்கும் சேத்து."

ஊசியைக் கையில் எடுத்தாள். முனையைப் பார்த்தாள். நாளைக்குச் சமையல்கட்டில் அறுபது கிலோ முள்ளங்கி நறுக்க வேண்டும்.

"பசை காயறதுக்குள்ள ஒட்டு," என்று ஊசியை அவனிடமே கொடுத்தாள்.

"பேரு?"

"ஒட்டுடா."

தோகில் ஒட்டினான். ஒவ்வொரு பாதத்தையும் பனியில் அழுத்தி, இருபது எண்ணும்வரை பிடித்துக்கொண்டான். ஐந்தாவது ஆளைப் பிடித்திருக்கும்போது, "கிம்பாப் சாப்பிடுங்கக்கா," என்றான். அவள் சாப்பிட்டாள்.