வறிய நிலை

தாலுகா ஆபீஸ் ஆர்.ஐ. சார் விசாரணைக்கு வருகிறார் என்று கிராம உதவியாளர் போன் செய்ததும், முதல் வேலையாக ஃபிரிட்ஜைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் வைத்தோம். டிவியும் பின்னாலேயே போனது. "கம்மல கழட்டிருட்டி, கவரிங்னா அவுகளுக்கு என்ன தெரியும்?" என்றாள் பக்கத்து வீட்டு முத்துலட்சுமி மதினி. கழற்றினேன். சர்க்கார் வேலையில் இருக்கும்போதே செத்தவர் வீட்டில் ஒருவருக்கு வேலை தர வேண்டுமென்றால் வீடு ஏழை வீடு என்று ஒருவர் வந்து பார்த்து எழுத வேண்டும். ஏழையாக இருந்தால் மட்டும் போதாது, பார்த்தாலே தெரிய வேண்டும்.

அப்பா விவசாய ஆபீசில் டிரைவர். ஐம்பத்து நாலு வயதில், ஜீப்பை ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டியரிங் மேல் சாய்ந்தபடி போய்விட்டார். அந்த வேலைக்குக் கொடுத்த மனு இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்று வருடக் கெடு முடிய இன்னும் பதினேழு நாள்தான். இதுவும் போனால் தென்காசி ஜவுளிக்கடையில் காலை ஒன்பதிலிருந்து நின்றுகொண்டே சேலை விரிக்க வேண்டியதுதான், கால் நரம்பு முடிச்சுப் போடுகிற வரை.

ஆர்.ஐ. நல்ல மனிதர். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் மாலையோடு இருந்த அப்பாவைப் பார்த்துக் கைகூப்பினார். அங்கேதான் வினை. துக்கம் கேட்க வந்தவர் என்று அம்மா நினைத்துவிட்டாள்.

"அவரு இருந்தவரைக்கும் எங்களுக்கு ஒரு கொறையும் வைக்கல சார். தீவாளிக்கு இவளுக்கு ரெண்டு செட்டு எடுப்பாரு. இன்னைக்கும் அவரு புண்ணியத்துல கஞ்சிக்குப் பஞ்சமில்ல."

ஆர்.ஐ. பேனாவை மூடினார். "அம்மா, நான் வறிய நிலைன்னு எழுத வந்திருக்கேன். நீங்க இப்படிச் சொன்னா எப்படி எழுத?"

"குடும்பத்த நடுத்தெருவுல விட்டுட்டுப் போயிட்டாருன்னு என் வாயால சொல்லணுமா?"

நான் கண்ணைக் காட்டினேன், காலை மிதித்தேன். அவள் திரும்பவே இல்லை. இருபத்தாறு வருடம் அவரோடு வாழ்ந்தவள், எனக்காக ஒரு பொய் சொல்லக் கூடாதா என்று ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தில்தான் வாயைத் திறந்தேன்.

"அம்மாவுக்கு வெளிய சொல்ல வெக்கம் சார். அப்பா குடிப்பாக. வந்த பணத்தையெல்லாம் குடிச்சே தீத்துட்டாக. பென்சன் பணமும் வட்டிக்கே போயிருது."

அடுத்தவர் பீடி வாடைக்கே மூக்கைப் பொத்துகிற மனிதர் அப்பா. அம்மா என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

ஆர்.ஐ. முகத்தில் நிம்மதி தெரிந்தது. மளமளவென்று எழுதினார். சட்டப்படி வாசித்துக் காட்டினார். "மேற்படி ஊழியரின் குடிப்பழக்கத்தால் குடும்பம் கடன்பட்டு..."

"இந்தக் காகிதம் எங்க போகும் சார்?" என்றாள் அம்மா.

"உங்க வீட்டுக்காரர் வேலை பாத்த ஆபீசுக்குத்தாம்மா. அங்க உள்ளவங்க படிச்சுப் பாத்துட்டு மேல அனுப்புவாங்க."

அப்பாவைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள் அந்த ஆபீஸ்காரர்கள்தான். நாளைக்கு வேலை கிடைத்தால் நான் உட்காரப் போவதும் அவர்கள் நடுவில்தான். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அம்மா வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். காகிதத்தை என் பக்கம் தள்ளினாள்.

"சொன்னவ நீதான. நீயும் போடு."

பேனாவை வாங்கி 'கோமதி' என்று எழுதப் போனேன்.

"வெறும் பேரு செல்லாதும்மா," என்றார் ஆர்.ஐ. "அப்பா இனிஷியலோட போடு."

சுப்பையாவின் 'சு'. பேனா முனை காகிதத்தைத் தொட்டபடி நின்றது. மை ஊறி, ஒரு புள்ளி பெரிதாகிக்கொண்டே வந்தது.