எண் ஏறிய கோப்பை

கடைசியாக அவர் கேட்டது, பல்பு எத்தனை வாட் வேண்டும் என்பதைத்தான். மாலை நாலரை மணி. போனில் அவர் குரலோடு குழாய்த் தண்ணீர் கொட்டும் சத்தமும் கேட்டது.

"ஒம்பது வாட். குளிக்கிற ரூமுக்கு அதுவே ஜாஸ்தி" என்றாள் மனைவி.

"சரி, டீக் கோப்பையக் கழுவி வச்சிட்டுக் கிளம்பறேன்."

பல்பு வாங்கினார். பஸ் ஏறினார். ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தபடியே உயிர் போய்விட்டது. இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டி மூன்று நிறுத்தம் கழித்துத்தான் கண்டக்டருக்குத் தெரிந்தது. முப்பத்தொரு வருடத்தில் ஒரு நாள்கூட நிறுத்தத்தைத் தவறவிடாத மனிதர்.

அவர் வேலை பார்த்தது அரசாங்கத் தொல்பொருள் நிறுவனத்தில். பதவியின் பெயர் நீளமானது. செய்தது எண் எழுதும் வேலை. அகழாய்வுக் குழியிலிருந்து வரும் ஒவ்வொரு பானைச் சில்லையும் கழுவி, தட்டில் காயவைத்து, மெல்லிய நிப்பால் எண் எழுதி, அதன்மேல் ஒரு பூச்சு வார்னிஷ் தடவ வேண்டும். பிறகு பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஏறிவிட்டால் அது நாட்டின் சொத்து.

ஒரு மாதம் கழித்து அவருடைய சாமான்களை வாங்க அவள் போனாள். துணிப்பையில் கண்ணாடி, ஸ்வெட்டர், குடை எல்லாம் இருந்தன. கோப்பை மட்டும் இல்லை.

அந்தக் கோப்பை அவள் செய்தது. நிறுவனத்தில் ஒருமுறை குடும்பத்தாரை அழைத்து, குழியில் தோண்டிய மண்ணையே பிசைந்து கொடுத்து, அந்தக் காலத்து முறையில் பானை செய்யச் சொன்னார்கள். பழங்கால மாதிரிச் சூளையிலேயே சுட்டும் தந்தார்கள். மற்றவர்கள் செய்தவை வெடித்துப்போயின. அவளுடையது மட்டும் கோணலாகப் பிழைத்தது. அன்றிலிருந்து அவர் ஆபீசில் வேறு எதிலும் டீ குடிக்கவில்லை.

"கோப்பை எங்கப்பா?" என்று பசையிடம் கேட்டாள். உடைந்த சில்லுகளை ஒட்டுவது அவன் வேலை. அதனால் நிறுவனம் முழுக்க அவன் பெயரே பசைதான்.

பசை தலையைச் சொறிந்தான். "அண்ணி, திட்டாதீங்க. அண்ணன் கழுவின கோப்பையச் சில்லுத் தட்டுலயேதான் கவுத்து வைப்பாரு. மறுநாள் செய்தி வந்ததும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அவர் விட்டுட்டுப் போன தட்டையாவது முடிச்சுடுவோம்னு உக்காந்தேன். கண்ணு முழுக்கத் தண்ணி. வரிசையா எண் எழுதிட்டே போயிட்டேன்."

"கைப்பிடி இருந்துச்சேப்பா அதுக்கு!"

"அதான் அண்ணி, முழுசாக் கிடைச்சிருக்கேன்னு சந்தோஷம் வேற பட்டேன்."

அதற்குள் பானை நிபுணர் அதைப் பார்த்துவிட்டார். அந்தக் குழியில் கிடைத்த கைப்பிடியுள்ள ஒரே கலம் என்று மேலிடத்துக்குக் கடிதமும் போய்விட்டது. இயக்குநர் அம்மா அவளை உட்காரவைத்து, பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். அவள் படித்தாள்: 'கையால் வனைந்தது. பயிற்சியற்றவர். இடது கைப்பழக்கம். பொறுமையின்மை தெளிவாகத் தெரிகிறது. குழந்தையின் வேலையாக இருக்கலாம்.'

"பொறுமை இல்லையாமா எனக்கு? முக்கால் மணி நேரம் குத்துக்கால் வச்சு உக்காந்து செஞ்சேன்!"

கோப்பையை மேஜைக்குக் கொண்டுவந்தார்கள். அவள் இடது கட்டைவிரலை அதன் வயிற்றிலிருந்த பள்ளத்தில் வைத்தாள். அச்சாகப் பொருந்தியது.

"எனக்கும் பொருந்துதே" என்றார் நிபுணர், தன் விரலை வைத்துப் பார்த்து. பசையும் வைத்துப் பார்த்தான். அவனுக்கும் பொருந்தியது.

"எனக்கு அவரோடதுன்னு இது ஒண்ணுதாங்க வேணும். குடையை வேணும்னா நீங்களே வச்சுக்குங்க."

"எண் ஏறிடுச்சேம்மா."

"ஏறினத இறக்குங்க."

இயக்குநர் சுவரைக் காட்டினார். 'பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது. யார் சொன்னாலும் கூடாது.' எழுத்து அவள் கணவருடையது. அந்த 'யார் சொன்னாலும்' அவராகச் சேர்த்தது என்று பார்த்ததுமே தெரிந்துகொண்டாள். வீட்டிலும் அப்படித்தான்.

நிபுணர் விட்டுக்கொடுக்கவில்லை. கோப்பைக்குள் ஒரு பழுப்புப் படிவு இருந்தது. அக்காலத்து மூலிகைக் கஷாயமாக இருக்கும் என்பது அவர் கட்சி. சுரண்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. அவளையும் வரவழைத்து இயக்குநர் வாய்விட்டுப் படித்தார்.

"தேயிலை. பால். சர்க்கரை தாராளம்."

நிபுணரின் முகம் தொங்கிப்போனது. ஆனால் அவரை யாரும் பார்க்கவில்லை.

"சர்க்கரையா?" என்றாள் அவள்.

பசை கூரையைப் பார்த்தான்.

"எத்தன ஸ்பூன்?"

"நான் எண்ணல அண்ணி."

"எத்தன?"

"ரெண்டு. மத்தியான டீக்கு மூணு."

"மத்தியான டீ வேறயா!"

டாக்டர் சொன்னதிலிருந்து எட்டு வருடமாக வீட்டில் சர்க்கரை டப்பாவையே ஒழித்துக்கட்டியிருந்தாள். அவருக்காக அவளும் வெறும் டீயையே விழுங்கிவந்தாள்.

"பழகிடுச்சு, இனிமே சர்க்கரை போட்டாக் குமட்டும்னு சொன்னீங்களே! மூஞ்சிய எவ்வளவு பாவமா வச்சுக்கிட்டுச் சொன்னீங்க!" கோப்பையைப் பார்த்து அவள் கத்தினாள். "சொல்லியிருந்தா நானும் அரை ஸ்பூன் போட்டுக் குடிச்சிருக்க மாட்டேனா?"

பசைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளுக்கும் வந்துவிட்டது. சிரித்த சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறியது. சாவு வீட்டில் வராத அழுகை. நிபுணர் தன் கைக்குட்டையை நீட்டினார். அதில் குழி மண் ஒட்டியிருந்தது. பரவாயில்லை என்று வாங்கித் துடைத்துக்கொண்டாள்.

இயக்குநர் ஒரு படிவத்தை எடுத்தார். "ஏறின எண்ணை இறக்க முடியாது. ஆனா மத்த அருங்காட்சியகங்களுக்கு இரவல் தர்ற மாதிரி உங்களுக்கும் தரலாம். வருஷா வருஷம் சரிபார்க்க மட்டும் கொண்டு வரணும். சம்மதமா?"

"குடுங்க, பூர்த்தி பண்றேன்."

காட்சிக்கு வைக்கப்படும் இடம்: சமையலறை அலமாரி, இரண்டாவது தட்டு. காவல் ஏற்பாடு: நான். ஆண்டுக்குச் சராசரிப் பார்வையாளர்: நாத்தனார் வந்தால் நான்கு பேர். எந்தக் கேள்வியையும் அவள் விடவில்லை. இயக்குநர் படித்துவிட்டு முத்திரை குத்தினார். நிபுணர் பதிவேட்டில் எதையும் அடிக்கவில்லை. கீழே இன்னொரு வரி சேர்த்தார்: 'காலம் மறுபரிசீலனைக்குரியது. குழந்தை அல்ல.'

இது நான்காவது வருடம். பஞ்சு சுற்றிய டப்பாவில் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருகிறாள். எண் எழுதுவது இப்போது பசை. வாயகலம், அடியகலம், கனம் என்று அளந்து, பழைய பக்கத்தோடு ஒப்பிடுகிறான்.

"என்னப்பா, குறையுதா?"

"இருங்க அண்ணி, பேசினா அளவு தப்பும்."

அளவுகோலை ஒருமுறைக்கு இருமுறை வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறான்: உயரம், அதே ஏழரை சென்டிமீட்டர்.