லொறிக்கூலி நீங்கலாக

மனிதனுடைய மூச்சுக்கு அந்த வருஷம் பாலாவிச் சந்தியில் ஓர் இலட்சத்து எண்பதாயிரம் ரூபா விலை சொன்னார்கள். நின்றுபோகப் பார்க்கிற மூச்சை வழியிலேயே மறித்துத் திருப்பிக் கொண்டுவரப் படிப்பிக்கிற கூலி அது. படிப்பித்த இடம் ஒரு ஹார்ட்வெயர் கடையின் மேல்மாடி. சுவரில் இதயத்தின் படம், மேசையில் இடுப்போடு முடிந்துபோன ஒரு ரப்பர் பொம்மை, இரண்டு மின்விசிறிகளில் சுழலுகிற ஒன்று. நடத்தியவர் பதுர்தீன். புத்தளத்துப் பழைய குடும்பம். தகப்பன் உப்பு விற்றார், மகன் டிப்ளோமா விற்றார்.

தில்லையடியில் கருவாட்டுக் கடை வைத்திருந்த ஜபார் முதலாளி விலையைக் கேட்டதும் சிரித்தார். எந்த முதல் விலைக்கும் அவர் சிரிப்பார். சேலைக் கடையிலும் சிரித்திருக்கிறார், பல் டொக்டரிடம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டும் சிரித்திருக்கிறார். தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து உடுத்த சாரத்தோடு புத்தளத்தில் வந்து இறங்கியவர். கேட்ட விலையைக் கேட்டபடி கொடுக்கிறவன் வாழ்க்கையில் இன்னும் ஒன்றையும் பறிகொடுக்காதவனாக இருக்கவேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

படிக்க ஆசைப்பட்டது மகள் றுஷ்னா. அதற்கு ஒரு வருஷம் முந்தி, இதே சந்தியில் மோட்டார் சைக்கிள் சறுக்கி ஒருவன் விழுந்து கிடந்தான். சுற்றி நின்ற இருபது பேரும் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது, அம்புலன்ஸில் வந்திறங்கிய ஒரு பெண் தாரில் முழங்கால் ஊன்றி அவனுடைய தாடையைத் தூக்கிப் பிடித்தாள். அவன் இருமினான். பஸ் ஜன்னலால் அதைப் பார்த்த றுஷ்னா அன்று வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடவில்லை. பிறகு வேறு வேலையைப் பற்றி அவள் வாய் திறக்கவேயில்லை. பெண்பிள்ளைகளையும் எடுக்கிறார்கள், ஆனால் டிப்ளோமா வேண்டும் என்று விசாரித்தும் வைத்திருந்தாள்.

ஓட்டோவில் வரும்போதே ஜபார் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

"ஆசையக் காட்டிடாத மகள். கதிரையில இரிக்கக்குள்ள, எப்படா வீட்ட போற எண்டமாதிரி மூஞ்ச வச்சிக்க."

அவளும் அப்படியே வைத்துக்கொண்டாள். ரப்பர் பொம்மையைத் தொட்டுப் பார்க்கக் கை துடித்ததை மடியில் அமுக்கி வைத்துக்கொண்டு, சுழலாத மின்விசிறியைப் பார்த்தபடி இருந்தாள்.

பதுர்தீன் விலையைப் பிரித்துக் காட்டினார். வகுப்புக்கு இவ்வளவு, சோதனைக்கு இவ்வளவு. கடைசி மூன்று மாதம் சிலாபம் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவும், அவர்களுடைய அம்புலன்ஸில் ஓட்டமும். அதற்கு மட்டும் எழுபதாயிரம். அது ஆஸ்பத்திரிக்குப் போகிற காசு, தன் கையில் ஒரு சதமும் நிற்காது என்றார்.

ஜபாருக்கு முகம் மலர்ந்தது. சரக்கு வேறு, சரக்கைக் கொண்டுவந்து சேர்க்கிற கூலி வேறு. இத்தனை வருஷ வியாபாரத்தில் அவர் எவனுக்கும் லொறிக்கூலி கொடுத்ததில்லை. தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள், பாதி வெறுமையாய் வருகிற லொறிகள் இருக்கின்றன; இரண்டு தேத்தண்ணீரோடு விஷயம் முடிந்துவிடும்.

"அந்த லொறிக்கூலியக் கழிங்க தம்பி. ஏத்துறத நாங்க பாத்துக்கிறம்."

றுஷ்னாவின் முகம் கலைந்தது. "வாப்பா, அதுதான்…" என்று தொடங்கினாள். ஜபார் ஒரு பார்வை பார்த்தார். வாங்க வந்த பக்கத்தில் இரண்டு வாய் திறந்தால் விலை ஏறும் என்பது சின்ன வயதிலிருந்தே அந்த வீட்டில் தெரிந்த விஷயம். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

பதுர்தீன் மகளைப் பார்த்தார், தகப்பனைப் பார்த்தார். அவரும் வியாபாரி வீட்டுப் பிள்ளைதான். உங்கள் விருப்பம், நானா என்று அண்ணன் முறை வைத்துச் சொல்லி, நூற்றிப்பத்துக்கு ரசீது எழுதினார். கருவாட்டில் என்றால், விற்கிறவன் சண்டை பிடிக்காமல் இறங்கி வந்த உடனே ஜபார் சாக்குக்குள் கையை விட்டு ஈரம் இருக்கிறதா என்று பார்த்திருப்பார். அன்றைக்குப் பார்க்கவில்லை. அன்றைக்கு வீட்டில் கோழி. எழுபதாயிரம் கழித்த கதையைப் பள்ளிவாசல் முற்றத்தில் அந்தக் கிழமையே மூன்று தடவை சொன்னார். மூன்றாம் தடவை பதுர்தீன் அழுததாகவும் சேர்த்துக்கொண்டார்.

முதல் மூன்று மாதம் நன்றாகத்தான் போனது. றுஷ்னா வீட்டில் உள்ள எல்லோருக்கும் நாடி பிடித்தாள். இஷாத் தொழுகைக்குப் பிறகு வாப்பாவின் நல்ல காலை உடைந்த காலாக்கிப் பலகை வைத்துக் கட்டினாள். அவர் அப்படியே படுத்துக்கொண்டு கொழும்புக்குப் போன் எடுத்துக் கட்டாக் கருவாட்டின் விலை கேட்டார். பக்கத்துக் கதிரையில் இருந்த யூஜீனியா என்ற எத்தாளை ஊர்ப் பிள்ளை அவளுக்குக் கூட்டாளியானாள். அவளுடைய தகப்பன் தோணிக்காரர். ஜபாரிடம் கருவாடு போடுகிறவர்.

பிறகு மற்றப் பிள்ளைகள் விடியப்புறம் சிலாபம் பஸ் ஏறினார்கள். றுஷ்னா வீட்டில் இருந்தாள்.

ஜபார் ஏற்றுகிற வேலையைத் தொடங்கினார். ஓர் ஆஸ்பத்திரியில் தெரிந்த ஓவசியருக்கு ஒரு பெட்டி கட்டாக் கருவாடு போனது. கருவாடு நல்ல ருசி என்று பதில் வந்தது. படிப்பிக்கிற நிறுவனம் கேட்டு, நிறுவனம் காசு கட்டி, நிறுவனம் பொறுப்பெடுத்தால் ஒழிய வெளிப்பிள்ளை ஒருத்தியை நோயாளிக்குக் கிட்ட விடமுடியாதாம். இன்னோர் இடத்துக்கு இறால் போனது. அங்கேயும் அதே பதில்தான், கொஞ்சம் மரியாதையாக. கடைசியில் ஒருநாள் ஜபார் பெரிய சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தார். பள்ளிவாசல் வாகனத்துக்குக் கதைத்துவிட்டாராம். அதிலும் படுக்கை இருக்கிறது, அதுவும் ஆளை ஏற்றிக்கொண்டுதான் ஓடுகிறது, பின்னால் இருந்து பழகலாம்.

றுஷ்னா சோற்றுக் கையோடு அவரைப் பார்த்தாள்.

"அது ஜனாஸா வாகனம், வாப்பா. அதுல ஏத்துற ஆளுக்கு மூச்சு வேணாம்."

உம்மா மஹ்மூதா அப்பால் திரும்பிக்கொண்டாள், சிரிப்பா அழுகையா என்று தெரியாமல். ஜபார் அடுத்த நாளே பதுர்தீனிடம் போனார். பதுர்தீன் மரியாதையாகத்தான் சொன்னார்: இன்னும் ஓர் இடம் இருக்கிறது, அதே எழுபதைக் கட்டினால் திங்கட்கிழமையே மகளை அனுப்பலாம்.

பெட்டியில் காசு இருந்தது. ஆனால் கழித்த எழுபதைக் கட்டினால், கழித்தது என்ன ஆவது? பள்ளிவாசல் முற்றத்தில் சொன்ன கதை என்ன ஆவது? ஜபார் நாற்பது என்றார். இது ஆஸ்பத்திரி விலை, என்னுடையது இல்லை என்றார் பதுர்தீன். ஜபார் எழும்பினார். படியில் மெல்ல மெல்ல இறங்கினார், பின்னாலிருந்து கூப்பிடுவார்கள் என்று. அவர் வாழ்க்கையில் கூப்பிடாத வியாபாரி இல்லை. கீழே ஹார்ட்வெயர் கடையில் நின்று ஆணி விலை கேட்டார், பெயின்ற் விலை கேட்டார், தேவையில்லாத ஒரு பூட்டையும் வாங்கினார். மேலே இருந்து ஒருவரும் கூப்பிடவில்லை.

ஆஸ்பத்திரியில் இடம் நிரம்பிவிட்டது என்று வீட்டில் சொன்னார். இரண்டு நாளில் அது உண்மையும் ஆனது.

வகுப்பும் சோதனையும் முடித்ததற்கு றுஷ்னாவுக்கும் டிப்ளோமாக் கடதாசி கிடைத்தது. அம்புலன்ஸ் வேலைக்கு நேர்முகத் தேர்வு கொழும்பில். றுஷ்னாவும் யூஜீனியாவும் ஒரே பஸ்ஸில் போனார்கள்; ஜபார் இவர்களுக்குப் பின் இருக்கையில். கேள்விகள் சிங்களத்தில். புத்தகத்தில் இருந்த எதைக் கேட்டாலும் றுஷ்னா நிற்காமல் சொன்னாள். கேட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். பிறகு ஒரு டொக்டர் அம்மா கேட்டாள்: கற்பிட்டி றோட்டில் வண்டி எண்பதில் போகிறது, நீ பின்னால் தனியே, நோயாளியின் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருக்கிறாய், சாரதி பிறேக் போடுகிறான். உன்னுடைய கால் எங்கே இருக்கும்?

றுஷ்னா யோசித்தாள். ரப்பர் பொம்மை மேசையை விட்டு ஒருநாளும் அசைந்ததில்லை. தெரியாது என்றாள். வண்டியில் எத்தனை நாள் போயிருக்கிறாய் என்று அந்த அம்மா கேட்டாள், அதட்டாமல்தான். ஒரு நாளும் இல்லை என்றாள்.

யூஜீனியாவிடமும் அதையே கேட்டார்கள். அவள் சொல்லவில்லை, செய்து காட்டினாள். மேசைக் காலில் முழங்காலை முட்டுக்கொடுத்து, மற்றக் காலைப் பின்னால் விரித்து ஊன்றி நின்றாள். சிலாபம் றோட்டில் இரண்டு தடவை மண்டை அடிபட்டுப் படித்தது அது.

இதையெல்லாம் றுஷ்னா திரும்பி வரும் பஸ்ஸில், வேறு யாருக்கோ நடந்த விஷயம் போலச் சொன்னாள்.

ஒரு மாதத்தில் யூஜீனியாவின் தகப்பன் கருவாட்டோடு கேக் துண்டும் கொண்டுவந்தார். மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது, ஆனமடுப் பக்கம் ஓடுகிற வண்டியாம். ஜபார் கேக்கை வாங்கி வைத்துக்கொண்டு, பிள்ளையின் படிப்புக்கு எவ்வளவு கட்டினீர் என்று கேட்டார்.

"நூத்தியெம்பது."

"ஒண்டும் கழிச்சுத் தரேல்லயா?"

"எனக்கெங்க முதலாளி பேரம் பேசத் தெரியும்? தெரிஞ்சா உங்களுக்கு இந்த விலைக்கா கட்டா தாறன்?"

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். தராசில் கருவாடு இருந்தது. ஜபார் அதை நிறுக்காமல், பெட்டியைப் பூட்டி, ஓட்டோ பிடித்துப் பாலாவிக்குப் போனார்.

பதுர்தீன் கதிரையை இழுத்துப் போட்டார். ஜபார் இருக்கவில்லை. எழுபதைக் கட்டுகிறேன், பிள்ளையை இப்போது அனுப்புங்கள் என்றார். பதுர்தீன் தலையை ஆட்டினார். அந்த ஆஸ்பத்திரி வெளிப்பிள்ளைகளை எடுப்பதை நிறுத்திவிட்டது. நிறுவனமே இந்த மாதத்தோடு மூடுகிறது. அம்புலன்ஸ்காரர்களும் இந்தப் பக்கத்துக்கு ஆள் எடுத்து முடித்துவிட்டார்கள்.

ஜபார் நூறு என்றார்.

"காசுக்கில்ல நானா."

நூற்றைம்பது என்றார். அவர் வாழ்க்கையில் ஒரு விலையை மேலே தள்ளியது அதுதான் முதல் தடவை. எதிரில் ஒருவரும் கேட்காத விலையோடு அவரே மல்லுக்கட்டினார். இரண்டு இலட்சம் என்றார்.

பதுர்தீன் எழும்பி வந்து அவருடைய கையைப் பிடித்தார்.

"நானா, விக்கிறதுக்கு எனக்கிட்ட ஒண்டுமில்ல. அல்லாஹ்வுக்காக நிப்பாட்டுங்க."

வீட்டில் றுஷ்னா முற்றத்து வாங்குப் பலகையில் இருந்தாள். ஒரு பார்மசியில் மருந்து எடுத்துக்கொடுக்கிற வேலைக்குக் கேட்டிருந்தார்கள். நாளைக்குப் போவதாகச் சொல்லிவிட்டாள். வாப்பா எங்கே போய் வருகிறார் என்று அவருடைய முகத்திலேயே தெரிந்தது.

"எவ்வளவு மட்டும் போனீங்க?"

பொய் சொல்ல நினைத்தார். "ரெண்டு இலட்சம்" என்றார்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவர் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பார், இருவருக்கும் சுளுவாய் இருந்திருக்கும். அவள் கணக்குத்தான் பார்த்தாள்.

"நூத்திப்பத்து கட்டின. ரெண்டு இலட்சம் கட்ட ரெடி. மூணு இலட்சத்துப் பத்தாயிரம். அந்த மனிசன் வாய் திறந்து கேட்டது நூத்தியெம்பது. வித்தியாசத்த நீங்களே செல்லுங்க வாப்பா. நீங்கதானே கணக்குல கெட்டிக்காரன்."

அவள் கேட்டு முடிக்குமுன்பே ஜபாருக்கு விடை வந்துவிட்டது. மனக்கணக்கில் அவர் ஒருநாளும் பிழைத்ததில்லை. ஓர் இலட்சத்து முப்பதாயிரம். தொகை சரி. அவர் கொடுக்க நின்றது, வாங்க ஆளில்லை; அவள் ஆசைப்பட்டது, விற்க ஆளில்லை. கணக்கேட்டில் நட்டம் முழுதும் மகளின் பெயரில் பற்றாக நின்றது. வரவில் எழுத ஒன்றும் இல்லை.