மூடிய ஃபேக்டரியின் சங்கு

ஃபேக்டரிச் சங்கு ஊதியபோது வேலாமணி குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த சட்டி நழுவிச் சரிவில் உருண்டது. அதை எடுக்கக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு.

போன மழைக்காலத்தோடு நின்றுபோன சங்கு அது. தேயிலை விலை விழுந்துகொண்டே போய், பறிக்கிற கூலிக்கே கட்டுப்படியாகவில்லை என்று கீழ் கோத்தகிரிச் சரிவிலிருந்த அந்த எஸ்டேட்டைப் பூட்டிவிட்டார்கள். வெட்டிக் கவாத்து செய்ய ஆளில்லாத தேயிலைச் செடிகள், தாங்கள் மரம் என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல, ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றன.

தொழிலாளர் லயத்து வீடுகளிலிருந்து ஆட்கள் கொட்டினார்கள். பேச்சியம்மா ஓடிக்கொண்டே, கொழுந்து பறிக்கும்போது கட்டும் சாக்கை இடுப்பில் கட்டினாள். "நாஞ்சொல்லல? தை பொறந்தா தொறப்பாங்கன்னு சொல்லல?"

லிங்கசாமியின் குடும்பம் அன்றைக்குத்தான் திருப்பூருக்குக் கிளம்புவதாக இருந்தது. கட்டில், மிக்சி, துணி மூட்டை எல்லாம் ஜீப்பில் ஏறியாகிவிட்டது. சங்கைக் கேட்டதும் லிங்கசாமி வண்டியின் பக்கவாட்டில் தட்டினார்.

"எறக்குப்பா அத்தனையும்! பனியனுக்குப் பிசிர் வெட்டறதுக்கா பொறந்தோம்?"

"ஏனுங்க, விசாரிச்சுட்டு எறக்கலாமல்லங்க?" என்றார் ஜீப்காரர்.

"சங்கே ஊதியாச்சு, இன்னும் என்னத்த விசாரிக்கறது? நீ போ சாமி."

ஜீப் காலியாகக் கிளம்பிப் போயிற்று.

ஃபேக்டரி கேட்டில் பூட்டு துருவேறித் தொங்கியது. வாட்ச்மேன் செல்லையா சால்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு வெளியே வந்தார். "என்னங்க, ஊரே ஓடியாருது? சங்கா? உள்ள கரன்ட்டே இல்லீங்க."

அவர் சொல்லி முடிக்குமுன் சங்கு மறுபடி ஊதியது. இந்த முறை எல்லாரும் திரும்பி மேலே பார்த்தார்கள். பள்ளிக்கூடத்து மொட்டைமாடியில், விழாவுக்காகக் கட்டிய கூம்பு ஸ்பீக்கர், பள்ளத்தாக்கைப் பார்த்து வாய் பிளந்து நின்றது.

யாரோ சிரித்தார்கள். கூடச் சிரிக்க ஆளில்லை.

அது யாருடைய சத்தம் என்று அங்கே வேலாமணிக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தும் ஓடியிருக்கிறாள். கால்கள் அவளைக் கேட்டுக்கொண்டா கிளம்பின?

அவள் மகள் மனிஷாவுக்குப் பேச்சில்லை. கையும் காலும் சொன்னபடி கேட்காது. தலை எப்போதும் மார்பில் சாய்ந்தே கிடக்கும். ஊட்டியிலிருந்து வரும் நாஜ்னீன் டீச்சர்தான் அவளையும் மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்காரவைத்தார். கோயம்புத்தூரிலிருந்து பிரசாத் என்ற இளைஞர் கம்ப்யூட்டரோடு வந்து சேர்ந்தார். பாட்டு, அறிவியல், உடற்பயிற்சி மூன்றும் ஒரே பீரியட். சத்தம் என்பது அதிர்வு என்று தகரத்தின் மேல் மணல் தூவிப் படிப்பார்கள். அப்புறம் அந்தத் தகரத்தையே தட்டி வாசிப்பார்கள். கண் தெரியாத கிருத்திக் கையில் கீபோர்டு. மனிஷாவின் நாற்காலியில் தலைக்குப் பின்னால் ஒரு மெத்தை பட்டன். தலையை நிமிர்த்தி அதில் சாய்த்தால் கம்ப்யூட்டர் ஒரு சத்தம் எழுப்பும்.

புல்லாங்குழல் வைத்துப் பார்த்தார்கள், மணி வைத்தார்கள், குயிலும் வைத்தார்கள். அவள் தலையைத் தூக்கவேயில்லை. ஒருநாள் யாரோ போனில் வைத்திருந்த பழைய கல்யாண வீடியோவில், நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஃபேக்டரிச் சங்கு கேட்டது. மனிஷாவின் தலை நிமிர்ந்தது. சாயங்காலச் சங்கு ஊதினால் அம்மா வந்துவிடுவாள். நாளெல்லாம் இருட்டு வீட்டில் தனியே படுத்துக் கிடந்த பிள்ளைக்கு அது தெரியாதா? அந்தச் சங்கையே பட்டனில் ஏற்றினார்கள். அன்றிலிருந்து கழுத்து பலப்பட்டு வந்தது. சோறு புரையேறுவதும் குறைந்திருந்தது.

கூட்டம் படியேறிப் பள்ளிக்குள் நுழைந்தது. ஆண்டுவிழா ஒத்திகை பாதியில் நின்றது. நாஜ்னீன் டீச்சர் ஓடிவந்து கைகூப்பினார்.

"மன்னிச்சுக்கங்க. ஸ்பீக்கர் கீழ வரைக்கும் கேக்கும்னு யோசிக்காம விட்டுட்டோம். இப்பவே கழட்டிர்றோம்."

"கழட்டுங்க," என்றார் லிங்கசாமி. குரல் உயரவில்லை; கம்ப்யூட்டரோடு ஒயர் கட்டிய மனிஷாவின் நாற்காலியைப் பார்த்தார். "என்ற வண்டி போயிருச்சுங்க டீச்சர். சாமானெல்லாம் ரோட்டுல கெடக்குது. அது யாரு ஊதுனது? வேலாமணி மகளா?"

"நல்லா ஊதுனா போ," என்றாள் பேச்சியம்மா. "மொதலாளிக்கே தோணாததை இவ பண்ணிப்புட்டா."

பிரசாத் ஒயரைப் பிடுங்கினார். "இனி இந்த ரூமைத் தாண்டாதுங்க. சின்னப் பெட்டியில மட்டும் வரும்."

பிள்ளைகள் ஒடுங்கி நின்றார்கள். கூட்டத்துக்குள் மனிஷா அம்மாவைக் கண்டாள். முகம் மலர்ந்தது. நடுங்கி நடுங்கித் தலையை நிமிர்த்திப் பின்னால் சாய்த்தாள்.

சின்னப் பெட்டியிலிருந்து, ரொம்ப மெல்ல, சங்கு ஊதியது.

எல்லாம் பொய் என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தும் வாசலில் நின்றவர்களின் உடம்பு ஒருமுறை விறைத்தது. பேச்சியம்மாவின் கை தானாக இடுப்புச் சாக்குக்குப் போனது. போன கையை அவளே பார்த்தாள். பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வேலாமணி அதைப் பார்த்தாள்.

"எடுத்துருங்க டீச்சர்."

"அக்கா, அவசரப்படாதீங்க. வேற எந்தச் சத்தத்துக்கும் அவ தலை தூக்க மாட்டா. கழுத்து மறுபடி…"

"தெரியுங்க. எடுத்துருங்க."

பிரசாத் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். கம்ப்யூட்டரில் ஒரு விரல் அசைவு, அவ்வளவுதான்.

மனிஷா மறுபடி தலையைச் சாய்த்தாள். புல்லாங்குழல் வந்தது. அம்மாவைப் பார்த்தாள். இன்னும் அழுத்திச் சாய்த்தாள், அந்தக் குழலுக்குப் பின்னால் எங்கோ சங்கு ஒளிந்திருப்பதுபோல. குழல்தான் வந்தது. கிருத்திக் தானாகவே அதற்கு இசைவாக இரண்டு கட்டையை அழுத்திப் பார்த்தான். அழகாகத்தான் இருந்தது.

தலை மெல்ல மார்பில் இறங்கியது. பிரசாத் மணியை வைத்தார், குயிலை வைத்தார். மனிஷாவின் தலை பட்டனைத் தொடவேயில்லை.

வேலாமணி மகளின் வாயோரத்தைத் துடைத்துவிட்டு நாற்காலியைத் திருப்பினாள். படிக்கட்டு செங்குத்து, தனியாக இறக்க முடியாது. கேட்காமலேயே ஆட்கள் வந்து நாலு பக்கமும் பிடித்தார்கள். முன்பக்கம் பிடித்தவர் லிங்கசாமி. ஒவ்வொரு படியாக, குலுங்காமல் இறக்கினார்.

"பாப்பா தூங்கிப்போச்சாட்டம் இருக்குது," என்றார் மெதுவாக.

மனிஷாவின் கண்கள் திறந்தே இருந்தன.

"ஆமாங்கண்ணா," என்றாள் வேலாமணி.